ஒருவரையும் வழியில் விடாத பயணம்

அக்கரைப்பற்றில் தங்கிய நம் தோட்டக் குடும்பங்களிடம், பயணத்துக்கு முதல்நாள் மாலை பேசியது



இங்கே நமக்குப் படுக்க இடமும் வயிறாரச் சாப்பாடும் தந்த அக்கரைப்பற்று முஸ்லிம் சகோதரர்களுக்கு முதலில் நன்றி சொல்லுகிறோம்.

நாளை நாம் போகும் வழிக்கு ஒரு கதை உண்டு. 1804 செப்டெம்பரில் கப்டன் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி, ஏறக்குறைய 300 படையாட்களோடு மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டார். பல பக்கத்திலிருந்தும் படைகள் வந்து கண்டியில் ஒன்றுசேர்வதாகத் திட்டம். அந்தத் திட்டம் கைவிடப்பட்ட சேதி அவருக்குத் தெளிவாக எட்டவில்லை. ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டிக்குள் போனால், வேறு படை ஒன்றுமே இல்லை! சில நாளில் பின்வாங்கி, காட்டு வழியில் அடிபட்டு, அந்த மாதமே திருகோணமலை போய்ச் சேர்ந்தார்.

அதற்கு முந்தின வருஷம் மேஜர் டேவியின் படைக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1803 ஜூன் 24இல் கண்டியை விட்டவர்கள், வத்தபுளுவையில் மகாவலி வெள்ளத்தைக் கடக்க முடியாமல் நின்றார்கள். 26ஆம் திகதி பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். கண்டியில் விட்டுவந்த நோயாளிகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

ஜோன்ஸ்டன் தன் கதையைத் தானே எழுதி 1810இல் அச்சிட்டார். அவருக்கு மூட்டை சுமந்தவர்களின் பேர் நமக்குத் தெரியாது. நம்முடைய பாட்டன் பூட்டனும் மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலைக்கு வந்தவர்கள்தான். காய்ச்சலிலும் பேதியிலும் வழியில் விழுந்தவர்களின் பேரும் எங்கே இருக்கிறது? அதே வீதியால்தான் நாமும் திருகோணமலைக்குப் போகப் போகிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் பஸ்ஸை நிறுத்தி, அவர்களை நினைத்து விளக்கேற்றுவோம்.

ஆகவே சில காரியங்களைக் கவனியுங்கள்.

சேதி தெளிவாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூடுவது என்று சீட்டு எழுதித் தருவோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மாத்திரையை மடியில் வையுங்கள், பஸ்ஸின் மேலே கட்டும் பெட்டியில் வேண்டாம். மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு வரும். தலை சுற்றுபவர்கள் முன் ஆசனத்தில் இருக்கட்டும். மகாவலியிலோ கந்தளாய்க் குளத்திலோ யாரும் இறங்கக் கூடாது. கரையில் நின்று பார்த்தால் போதும்.

நடக்கும் இடங்களில் ஆச்சிமாரும் கைக்குழந்தைக்காரிகளும் முன்னே போகட்டும். இளவட்டங்கள் பின்னால் வாருங்கள். நிறுத்தும் இடமெல்லாம் தலை எண்ணுவோம். ஒருவர் குறைந்தாலும் பஸ் நகராது.