வெளிநாட்டில் முதுகலை: சாத்தாத கதவை நாமே சாத்திக்கொள்வதா?

(கிள்ளானில் பட்டதாரி இளைஞர்களுக்காக நடந்த சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாரக் கடைசியில் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். பிள்ளைகளோடு பெற்றோரும் சிலர் வந்திருக்கிறீர்கள். அது இன்னும் நல்லது. நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

முழு உபகாரச் சம்பளத்தோடு வெளிநாட்டில் முதுகலை படிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே நம் பிள்ளைகள் சொல்லும் முதல் வார்த்தை, "அதெல்லாம் நமக்குக் கொடுக்கமாட்டாங்க சார்." விண்ணப்பம் போட்டாயா என்று கேட்டால், "இல்லை." யாராவது போட்டு மறுத்தார்களா என்று கேட்டால், அதற்கும் "இல்லை."

இந்தப் பதில் சும்மா வந்துவிடவில்லை. எஸ்.பி.எம்.-இல் வரிசையாக 'ஏ' வாங்கிய பிள்ளை மெட்ரிகுலேசன் பட்டியலில் தன் பெயரைத் தேடி ஏமாந்ததை இந்த மண்டபத்தில் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு அங்கே திறந்துவிடப்பட்டது 10 விழுக்காடு இடம்தான். அந்தப் பத்துக்குள் சீனரும் இந்தியரும் மற்றவரும் அடக்கம். 1966-இல் அமைந்த மாராவின் கல்வி நிதி நமக்கானது இல்லை. ஜே.பி.ஏ. வாசலில் காத்திருந்த கதைகள் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். பதினெட்டு வயதில் காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அவன் இருபத்தைந்து வயதில் வேறு எந்தக் கதவையும் தட்டமாட்டான். இதுதான் அந்த ஒதுக்கீட்டு முறை நமக்குச் செய்த பெரிய கேடு என்பேன். இடம் போனது ஒரு நஷ்டம். கேட்கும் பழக்கமே போய்விட்டதே, அது அதைவிடப் பெரிய நஷ்டம்.

சட்டம் படித்தவன் என்பதால் இரண்டு நிமிடம் சட்டம் பேசிக்கொள்கிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது நிதியிலிருந்து மாணவர்களுக்குக் கல்வி உதவி கொடுப்பதில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்ற காரணங்களுக்காக மட்டும் எந்தக் குடிமகனுக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்தக் கல்விக்கூடம் நாட்டுக்கு உள்ளே இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 153-ஆம் பிரிவு உபகாரச் சம்பளத்தில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒரு பங்கை ஒதுக்க இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அதே பிரிவின் முதல் உட்பிரிவிலேயே மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் பாதுகாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பாதியைப் படித்துவிட்டு மீதியை மறந்தவர்களிடம்தான் நாம் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் தெருவில் கண்ணீர்ப் புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் தாங்கி நின்றவர்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். அந்த வழக்கு முடியவில்லை.

ஆனால் அந்த வழக்கு முடியும்வரை உங்கள் வயது காத்திருக்காது.

வெளியே என்ன இருக்கிறது? பிரிட்டிஷ் அரசாங்கம் 1983 முதல் கொடுத்துவரும் செவ்னிங் இருக்கிறது. ஓராண்டு முதுகலை. படிப்புக் கட்டணம், மாதச் செலவு, விமானப் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இராஸ்மஸ் முண்டுஸ் 2004-இல் தொடங்கியது. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். இப்போதைய திட்டத்தில் உபகாரச் சம்பளம் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். எந்த நாட்டவரும் போடலாம், கடைசி ஆண்டு மாணவரும் போடலாம், வயது வரம்பு இல்லை. கேம்பிரிட்ஜில் கேட்ஸ் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டில் கிளாரண்டன். கிளாரண்டனுக்குத் தனிப் பாரமே கிடையாது. குறித்த தேதிக்குள் படிப்புக்கு விண்ணப்பித்தாலே உங்கள் பெயரும் பரிசீலனைக்குப் போய்விடும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட். இவற்றில் எதுவும் நீ எந்த இனம் என்று பார்த்து இடம் ஒதுக்குவதில்லை.

ஜெர்மனி இலவசம் என்று வாட்சாப்பில் வருவதை அப்படியே நம்பாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு முன்னால் ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கு கணக்கில் காட்டவும் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. ஈ.பி.எஃப். பணத்தையும் வீட்டையும் நம்பி இறங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு தம்பி செவ்னிங்கிற்கு எழுதிய கட்டுரையை என்னிடம் காட்டினான். தலைமைத்துவத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். "நான் கடின உழைப்பாளி, சமூக சேவையில் ஆர்வமுள்ளவன், நேரம் தவறாதவன்" என்று எழுதியிருந்தான். அந்தத் தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்துப் பாட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் தேசியப் பதிவிலாகாவுக்கு அலைந்தவன். பாரம் நிரப்பினான். பிறந்ததற்குச் சாட்சி சொல்லப் பழைய கங்காணியின் மகனைத் தேடிக் கண்டுபிடித்தான். முகப்பில் இருந்த அதிகாரி மூன்று முறை திருப்பி அனுப்பியபோது, நான்காவது முறை சட்டப் புத்தகத்தோடு போய் நின்றான். இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது நம்ம ஊர் வேலைதானே சார், அதையெல்லாம் எழுதுவாங்களா?" என்றான்.

அதைத்தான் எழுத வேண்டும். தேர்வுக் குழுவுக்குக் குணச் சான்றிதழ் தேவையில்லை. என்ன பிரச்சினை இருந்தது, நீ என்ன செய்தாய், யாரைச் சேர்த்துக்கொண்டாய், என்ன மாறியது, என்ன மாறவில்லை. எத்தனை பேர், எந்த ஆண்டு என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். மாணவர்களுக்குச் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குக் கணக்கு எழுதினீர்களா? அதுவும் வேலைதான். செவ்னிங் கேட்கும் இரண்டாண்டு வேலை அனுபவம் மணிக்கணக்கில் 2,800 மணி நேரம். சம்பளமில்லாத தொண்டூழியமும் அதில் சேரும். அவர்களுடைய விதிகளைப் படித்து உங்கள் மணிகளைக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஏழைமையை மட்டும் எழுதி இரக்கம் கேட்காதீர்கள். அப்பா லாரி ஓட்டினார், அம்மா பால்மரம் வெட்டினார் என்பதைத் தாராளமாக எழுதுங்கள். அது உங்கள் பெருமை. ஆனால் அது அவர்கள் உழைப்பு. குழு தேடுவது உங்கள் வேலையை.

அடுத்து, பெயர். இது சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். நான் பார்த்த விண்ணப்பங்களில் அதிகம் சிக்கியது இங்கேதான். நம் அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். வெளிநாட்டுப் பாரத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு பாரத்தில் அப்பா பெயரைப் போடுகிறோம், அடுத்ததில் நம் பெயரைப் போடுகிறோம், ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும்போது ஏ/பி-யை விட்டுவிடுகிறோம். கடைசியில் ஒரே பெண் நான்கு ஆவணங்களில் நான்கு ஆளாக நிற்கிறாள். கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பதிவு, பல்கலைக்கழகப் பாரம், விசா எல்லாவற்றிலும்.

பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்றால்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதை இன்றுவரை சுமக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று 1960-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் ஓர் அக்குவான் பெர்க்கானுன் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செலவு அதிகமில்லை. பொய்யாக எழுதினால் குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன். மலாயில் உள்ள சான்றிதழ்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு கேட்டால், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் என்றவுடன் நம் ஆட்கள் நேரே ஒய்.பி. அலுவலகத்துக்குப் போகிறார்கள். அறுபது ஆண்டுப் பழக்கம். சூராட் சொக்கோங்கான் இல்லாமல் இந்த நாட்டில் தண்ணீர்க் குழாய்கூட வராது என்று பழக்கிவிட்டார்கள். வெளிநாட்டுத் தேர்வுக் குழுவுக்கு ஒய்.பி. யாரென்றே தெரியாது. உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய விரிவுரையாளர், உங்களை வேலை வாங்கிய மேலாளர், இவர்கள் எழுதினால்தான் மதிப்பு. ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். அவர்களுக்கும் நினைவு வேண்டுமல்லவா?

ஏஜெண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. கல்விக் கண்காட்சியில் சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களில் பலருக்குச் சம்பளம், பணம் கட்டிச் சேரும் மாணவர்களைப் பிடித்துக் கொடுத்தால்தான். உபகாரச் சம்பளத்தில் போகிற பிள்ளையால் அவர்களுக்கு லாபம் குறைவு. செவ்னிங்கிற்கு விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை. "உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று வழக்கறிஞர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? செவ்னிங் முடித்தவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டிலும் இரண்டாண்டு நிபந்தனை உண்டு. இது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. படித்தவர்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிட்டால் இங்கே பதிவிலாகா வாசலில் யார் நிற்பது? உள்நாட்டு உபகாரச் சம்பளத்தில் இன்னும் கவனம் வேண்டும். அரசாங்கத்தோடு செய்யும் உபகாரச் சம்பள ஒப்பந்தம், மாணவர் வயது வராதவர் என்ற காரணத்தால் செல்லாமல் போகாது என்று 1976-இலேயே ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்தே மாட்டுவார்கள். நிபந்தனை மீறப்பட்டால் அவர்களுக்கும் கடிதம் வரும். அவர்களிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பெற்றோரே, "பெண்பிள்ளையை ஒத்தையில் எப்படி அனுப்புவது?" என்ற கேள்வி எனக்கும் கேட்கிறது. பினாங்கு ஃபேக்டரி விடுதிக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் பத்தொன்பது வயதில் அதே பெண்ணை ஒத்தையில் அனுப்பியவர்கள்தானே நாம்? பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர்கள்தானே? அப்போது குடும்பத்துக்குச் சம்பளம் வந்தது, கேள்வி வரவில்லை. இப்போது அவள் தனக்காகப் போகிறாள் என்றவுடன் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறது. கோபப்படாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள்.

நம் அமைப்பிலேயே சிலர் கேட்கிறார்கள்: வெள்ளைக்காரன் கொடுக்கும் காசில் படிக்கச் சொன்னால், அரசாங்கத்தின் கடமையைக் கைகழுவ வழி செய்துகொடுப்பது ஆகாதா என்று. நியாயமான கேள்வி. ஆண்டுக்குச் சிலருக்குக் கிடைக்கும் ஓர் உபகாரச் சம்பளம், மெட்ரிகுலேசனில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஈடாகுமா? ஆகவே ஆகாது. 12-ஆம் பிரிவின் கடன் அரசாங்கத்தின் தலையில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனைக் கேட்க, புள்ளிவிவரம் படித்தவர்கள், பொதுக் கொள்கை படித்தவர்கள், மனித உரிமைச் சட்டம் படித்தவர்கள் நமக்கு வேண்டும். மனு எழுதும்போதெல்லாம் அந்தப் பற்றாக்குறையை நாங்கள் உணர்கிறோம்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். செவ்னிங்கிற்கு நீங்கள் மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். இங்கேயே பிறந்தும் சிவப்பு அட்டையோடு வாழும் பிள்ளைக்கு அந்தக் கதவும் சாத்தியேதான் இருக்கிறது. கடப்பிதழே இல்லாதவன் எந்த ஊர்க் கதவைத் தட்டுவான்? உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் முதலில் அவர் பெயரை எங்களிடம் கொடுங்கள்.

காலக் கணக்கு. 2025-இல் செவ்னிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. முந்திய ஆண்டு நவம்பர்வரை நேரம் இருந்தது. பழைய தேதியை நம்பி இருந்தவர்கள் கோட்டைவிட்டார்கள். இராஸ்மஸ் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில். உபகாரச் சம்பளம் ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகம் வேறு விண்ணப்பம். செவ்னிங்கில் இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். கேட்ஸ் கேம்பிரிட்ஜுக்குப் பல்கலைக்கழகப் பாரத்தோடு சேர்த்தே போட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இரண்டாண்டுதான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாலும் எழுத வேண்டாம்.

பின்னால் மேசையில் இரண்டு சட்டக்கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கடப்பிதழ், சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துச் சொல்வார்கள். கட்டுரை எழுதி வைத்திருப்பவர்கள் என்னிடம் கொடுங்கள், படித்துத் திருப்பித் தருகிறேன். இப்போது கேள்விகள். கடைசி வரிசையில் அந்தத் தங்கச்சி இரண்டு முறை கை தூக்கிவிட்டுக் கீழே போட்டார். அவரிடமிருந்து தொடங்குவோம்.