சொல்லக் கூசும் நோய்



நான் பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய் நோய்களுக்கு அறுவை சிகிச்சை செய்கிறவன். நீங்கள் செவிலியராகப் பட்டம் வாங்கும் நல்ல நாளில், மங்கல மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அந்தத் தயக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்ற விளம்பரத்தைச் சுவரிலோ பஸ்ஸிலோ பார்க்காதவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. மலத்தில் ரத்தம் போனால் முதலில் உடம்புச் சூடு என்பார்கள். வெந்தயமும் மோருமாகச் சில வாரம் போகும். பிறகு மூலம்தான் என்று தாங்களே முடிவு கட்டி, சுவரில் பார்த்த முகவரியைத் தேடிப் போவார்கள். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது. கோமதியம்மன் சன்னதியில் மட்டும் மனசுக்குள் சொல்லி அழுவார்கள். கடைசியில் எங்களிடம் வரும்போது சிலருக்கு அது மலக்குடல் புற்றாக இருக்கும், முற்றியும் இருக்கும். இத்தனைக்கும் இந்தப் புற்று பெரும்பாலும் பாலிப் என்கிற சிறு வளர்ச்சியாகத் தொடங்கி, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு மெல்ல மாறுவது. கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே அந்தப் பாலிப்பை எடுத்துவிட முடியும். இவ்வளவு அவகாசம் தருகிற நோயிடம் நாம் தோற்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்தத் துறைக்கு வரும் பாதை நீளமானது. பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று ஆண்டு, குடல் அறுவை சிகிச்சையில் எம்.சிஎச். இன்னொரு மூன்று ஆண்டு. பலர் அதற்கு மேலும் பெருங்குடலுக்கென்றே தனிப்பயிற்சி எடுக்கிறார்கள். ஆனாலும் வார்டில் பெரிய டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி "பி.ஆர். பார்த்தாச்சா?" என்பதுதான். கையுறை அணிந்த ஒரு விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்க்கிற சோதனை அது. மலக்குடல் புற்றுகளில் கணிசமானவை அந்த விரலுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெண் நோயாளி என்றால் செவிலியர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் மூல மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியதால் கைநழுவிப்போன உயிர்கள் உண்டு.

உலகமே முகம் திருப்பிக்கொண்ட இடத்தைச் சிலர் நின்று பார்த்தார்கள். லண்டனில் 1835-இல் ஃப்ரெடரிக் சாமன் என்பவர் ஏழே படுக்கைகளோடு, பவுத்திரத்தாலும் மலக்குடல் நோயாலும் துன்பப்பட்ட ஏழைகளுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுதான் பிற்பாடு செயின்ட் மார்க்ஸ் ஆயிற்று. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-இல் பவுத்திர அறுவை சிகிச்சை செய்தவரும் அவரே. மயக்க மருந்து வராத காலம் அது. எவ்வளவு வலித்திருக்கும்! நம் ஊருக்கு வந்தால், சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையை உருவாக்கி, நாட்டிலேயே முதன்முதலாக அதில் எம்.சிஎச். படிப்பைத் தொடங்கியவர் டாக்டர் என். ரங்கபாஷ்யம். 2002-இல் பத்மபூஷண் பெற்றார். அரசு மருத்துவமனையின் நெரிசலில் அவர் இதைச் செய்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சின்ன ஊரில் இருந்துகொண்டு என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு பில் ஹீல்டைச் சொல்வேன். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்கிற ஊரின் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுத்தால் புற்று அதே இடத்தில் திரும்ப வருவது வெகுவாகக் குறையும் என்று 1982-இல் எழுதினார். இன்று உலகம் முழுக்க அந்த முறைதான்.

இனி உங்களுக்கான பேச்சு. புற்று மிகவும் கீழே இருந்தால் ஆசனவாயையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். வயிற்றில் துளையிட்டுக் குடல் முனையை வெளியே கொண்டுவந்து தைப்போம். ஸ்டோமா என்கிற அந்தத் துளையின் மேல் மலம் சேர ஒரு பையை ஒட்டுவோம். "வயித்துல பை வச்சிருக்கு" என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். அந்தத் துளை எங்கே வரவேண்டும் என்று அறுவைக்கு முன்பே பேனாவால் குறித்துவைப்பது பெரிய கலை. படுக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்க்க வேண்டும். சேலைக் கொசுவம் எங்கே சொருகுகிறார், வேட்டி முடிச்சு எங்கே விழுகிறது, தறியில் உட்காரும்போது வயிறு எங்கே மடிகிறது, குனிந்தால் அந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிகிறதா, எல்லாம் கேட்டுப் பார்த்துக் குறிக்க வேண்டும். விரற்கடை தவறினாலும் பை ஒட்டாமல் கசியும், தோல் புண்ணாகும், நாற்றத்துக்குப் பயந்து மனிதர் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போவதை நிறுத்திவிடுவார். நான் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாலும் அவருக்கு வாழ்க்கை திரும்பாது.

அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் நார்மா கில் என்றொரு பெண் நோயாளி இருந்தார். பெருங்குடல் அழற்சியால் குடலை எடுத்துப் பை வைத்துக்கொண்டவர். அறுவை சிகிச்சை செய்த ரூபர்ட் டர்ன்புல், 1958-இல் அவரையே மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேலைக்கு அழைத்தார். 1961-இல் இருவரும் சேர்ந்து பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். ஸ்டோமா செவிலியர் என்கிற தொழில் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. பையோடு வாழ்ந்த ஒருத்தி, பையோடு வாழ வேண்டியவர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

நாளை நீங்கள் பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ வளைகுடாவிலோ வேலைக்குச் சேரலாம். எங்கே இருந்தாலும் ஊசி போடும்போதும் பி.பி. பார்க்கும்போதும் "வெளிக்குப் போறதுல ஏதாவது மாற்றம் இருக்கா, ரத்தம் போகுதா?" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். "ஆமா தாயி" என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டு அப்பாவிடமும் அத்தையிடமும் கேட்க மறக்காதீர்கள்.

ஸ்டோமா பராமரிப்புக்கு மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் தனிப்பயிற்சி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நம் தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பி வர உங்களில் ஒருவருக்காவது விருப்பம் இருந்தால், விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். விண்ணப்பம், தங்குமிடம், செலவு எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவோம்.