ரெக்கார்டில் யார் பேரு?

(நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஃப்ராங்கி நக்கிள்ஸுக்கு அஞ்சலி செலுத்தணும்னா, அவர் பேருக்குப் பக்கத்துல இன்னொரு பேரையும் எழுதணும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நக்கிள்ஸ் 1955இல் நியூயார்க்கின் பிராங்ஸில் பிறந்த கறுப்பர். தன்பால் விருப்பம் கொண்டவர். 1977இல் சிகாகோ வந்து ‘வேர்ஹவுஸ்’ என்னும் கிளப்பில் ரெக்கார்டு போட ஆரம்பித்தார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத் தன்பால் விருப்ப ஆண்கள். நிறத்தால ஒரு ஒதுக்கல். விருப்பத்தால சொந்த சனத்துக்கிட்டயே இன்னொரு ஒதுக்கல். ரெண்டும் இல்லாம விடியவிடிய ஆட ஒரு தளம், அதுதான் வேர்ஹவுஸ்.

அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுமார் 50,000 பேர் கூடியிருந்தார்கள். முன்னின்று நடத்தியவர் ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டால். இதில் இனவெறி இல்லை என்பது அவர் கட்சி. அன்று மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞர் பார்த்ததோ வேறு. டிஸ்கோவே அல்லாத கறுப்பர் பாட்டு ரெக்கார்டுகளும் கொண்டுவரப்பட்டன என்கிறார் அவர். பின்னால் அவரே ஹவுஸ் இசைக்காரர் ஆனார்.

கம்பெனிகள் டிஸ்கோவைக் கைகழுவின. ஆடப் புதுப்பாட்டு குறைந்தது. நக்கிள்ஸ் பழைய பாட்டின் டேப்பை வெட்டி ஒட்டினார். தாளம் வரும் இடத்தை நீட்டினார். பிறகு டிரம் மெஷினை அடியில் ஓடவிட்டார். இருக்கிறதை வச்சு இல்லாததை உண்டாக்கின வேலை அது. வேர்ஹவுஸ் பேரிலிருந்துதான் ‘ஹவுஸ்’ என்ற பேரே பிறந்தது.

இனி சண்டைக்கு வருவோம். ‘யுவர் லவ்’ அவருடைய புகழ்பெற்ற பாட்டு என்கிறார்கள். எழுதியவர், பாடியவர் ஜேமி பிரின்சிபிள் என்ற சிகாகோ இளைஞர். டேப்பாகத்தான் அது முதலில் சுற்றியது. நக்கிள்ஸ் அதைத் தன் கிளப்பில் போட்டுப் போட்டுப் பரப்பினார். 1987இல் ட்ராக்ஸ் கம்பெனி அதை வெளியிட்டபோது ரெக்கார்டில் இருந்தது நக்கிள்ஸ் பேரு.

திருட்டுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. அவர் இல்லேன்னா அந்த டேப்பு வீட்டோட கெடந்திருக்கும்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேருமே கம்பெனியை விட்டுட்டுப் பேசுறாங்க. அந்த ட்ராக்ஸ் மேல்தான் லாரி ஹேர்டும் ராபர்ட் ஓவன்ஸும் ராயல்டி கேட்டு 2020இல் வழக்குப் போட்டார்கள். 2022இல்தான் தங்கள் பாட்டுகளின் உரிமை அவர்கள் கைக்குத் திரும்பியது. ஏறத்தாழ முப்பத்தைந்து வருசம்! நக்கிள்ஸும் பிரின்சிபிளுமோ 2011இலும் சேர்ந்தே பாட்டு வெளியிட்டார்கள்.

2014 மார்ச் 31 அன்று, 59 வயதில், சர்க்கரை நோயின் விளைவாக நக்கிள்ஸ் இறந்தார். அஞ்சலிகள் எல்லாம் அவரை ஹவுஸின் ‘காட்ஃபாதர்’ என்றன. நான் கேக்குறேன், ஒரு தளத்துல நூத்துக்கணக்கான பேர் ஆடிப் பிறந்த இசைக்கு எதுக்கு ஒத்தத் தகப்பன்? சந்தைக்கு ஒரு முகம் வேணும். அஞ்சலியும் அதே வேலையைப் பார்த்தா, எழுதினவன், பாடினவ, ஆடினவன் எல்லாம் ரெண்டாம் முறையும் அழிஞ்சு போவாங்க.

அவரைச் சின்னவராக்க இதைச் சொல்லலை. விரட்டப்பட்டவங்களுக்கு ஒரு ராத்திரியாவது சொந்தமா ஒரு இடத்தை உண்டாக்கினாரே, அது எந்தப் பாட்டையும் விடப் பெருசு. வேர்ஹவுஸ் இருந்த ஜெபர்சன் தெருவின் ஒரு பகுதிக்கு சிகாகோ நகரம் 2004இல் அவர் பேரை வைத்தது. 2023இல் கட்டடத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நல்லது. ஆனால் அங்கே யார் ஆடினார்கள், ஏன் வேறெங்கும் ஆட முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவருக்கான சின்னம். இல்லேன்னா வெறும் செங்கல்லுதான்.

அடுத்த முறை ‘யுவர் லவ்’ போடுற தோழர், ஜேமி பிரின்சிபிள் பேரையும் சொல்லிட்டுப் போடுங்க.