இழையும் வெற்றிடமும்

சென்ற மாதம் மாணவர் ஒருவர் என்னிடம், "இழைக் கொள்கை என்கிறீர்களே ஐயா, அந்த இழை எதனால் ஆனது?" என்று வினவினார். வீணையின் தந்தி உலோகத்தால் ஆனது. உலோகம் அணுக்களால் ஆனது. அணுவினுள் எலெக்ட்ரானும் குவார்க்கும் உள்ளன. அந்த எலெக்ட்ரானே ஓர் இழையின் அதிர்வு என்பது இக்கொள்கை. ஆதலின் இழைக்கு அடியில் வேறொரு மூலப்பொருளைத் தேடுவதற்கில்லை. அதற்கு நீளமுண்டு, இழுவிசையுண்டு; பருமன் இல்லை.

வீணைத் தந்தி மீட்டியபின் ஓய்ந்துவிடும். இவ்விழை ஓய்வதே இல்லை. குவாண்டம் விதிப்படி எந்த அதிர்வையும் அறவே நிறுத்த இயலாது. சிறு துடிப்பொன்று எஞ்சியே தீரும். வெற்றிடத்திற்கும் இதே நியதிதான். மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று நாடும் என்று 1948இல் ஹாலந்து நாட்டுக் காசிமிர் கணித்துக் கூறினார். 1997இல் அமெரிக்காவில் லாமரோ அவ்விசையை அளந்தே காட்டிவிட்டார். ஒன்றுமில்லாத இடம் உலோகத்தை நகர்த்துகிறது!

இழையில் எஞ்சும் துடிப்பையும் கணக்கிட்டார்கள்; விபரீதம் அங்கே விளைந்தது. 1970ஐ ஒட்டி நம்பு, நீல்சன், சஸ்கிந்த் ஆகியோர் கண்ட முதல் இழை, 26 பரிமாணங்களைக் கேட்டது. போதாக்குறைக்கு, அதன் மிகத் தாழ்ந்த நிலையில் நிறையின் வர்க்கம் எதிர்க்குறியோடு வந்து நின்றது. டாக்கியான் என்பது அதன் பெயர். கொள்கையைப் பற்றிய நோய் என்றே அதனைக் கருதினர்.

நோய் இழையில் இல்லை. வெற்றிடமென்று நாம் கொண்ட இடமே தவறு. மலையுச்சியில் பந்தை வைத்துவிட்டு, அது அங்கேயே நிற்குமென்று நம்பினோம்! திறந்த இழைகளின் முனைகள் ஒரு சவ்வில் ஒட்டியிருக்கும். நிலையற்றது அச்சவ்வே, பந்து பள்ளத்தாக்கிற்கு உருண்டுவிட்டால் சவ்வு கரைந்துபோகும் என்று, அலகாபாத்தில் பணியாற்றிய நம் அசோக் சென் 1998, 1999 ஆண்டுகளில் கூறினார். உச்சிக்கும் பள்ளத்திற்கும் உள்ள ஆற்றல் வேறுபாடு, சவ்வின் ஆற்றலுக்குச் சரிசமமாக இருக்கவேண்டும். இருக்கிறது என்று 2005இல் செக் நாட்டு ஷ்னாபல் நிறுவினார். மூடிய வளையமாயுள்ள இழையின் டாக்கியானுக்கு இத்தகைய தெளிவு இன்னும் கிட்டவில்லை.

டாக்கியான் நீங்கிய மீயிழைக் கொள்கைக்கு 10 பரிமாணங்கள் போதும். நாம் காணாத ஆறும் நுண்ணிதாய்ச் சுருண்டிருக்கக்கூடும். அவை சுருளும் வகைகளோ, ஒரு மதிப்பீட்டின்படி, 1க்குப் பின் 500 பூஜ்யங்கள்! ஒவ்வொரு வகையும் ஒரு வெற்றிடம். ஒவ்வொன்றிலும் துகள்கள் வேறு, விசைகள் வேறு. எலெக்ட்ரானின் நிறை ஏன் இவ்வளவு என்பதைக் கொள்கையே சொல்லிவிடுமென்று காத்திருந்த எனக்கு, இது பெரிய ஏமாற்றந்தான். இழையை எந்தச் சோதனையும் இதுவரை காட்டியதுமில்லை.

மாணவரிடம் இவ்வளவையும் கூறினேன். "அப்படியானால் நாம் இருப்பது பள்ளத்தாக்கா, மேட்டின் விளிம்பா?" என்றார் அவர். அதற்கு என்னிடம் விடை இல்லை.