டில்டே முகவரியும் மூன்று பூட்டுகளும்

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். எங்க லேப் சர்வரில் ஒன்பது நாள் நடந்த கூத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். அப்பாச்சி சர்வரில் பயனர்களோட ஹோம் டைரக்டரியிலிருந்து ஸ்கிரிப்ட் ஓட்டும்போது வந்த மூன்று பிழைகள். அதில் ஒன்றை நானே இரண்டு வருஷம் முன்னாடி விதைத்து வைத்திருந்தேன்.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். மாணவர்களில் நிறையப் பேர் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வர்றவங்க. லேபில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, அதையே வெப் சர்வராக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு யூசர் கணக்கு உண்டு. அவங்க ஹோம் டைரக்டரிக்குள் பப்ளிக் அண்டர்ஸ்கோர் ஹெச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டர். சர்வர் முகவரிக்குப் பின்னால் ஸ்லாஷ், டில்டே, யூசர் பெயர் என்று அடித்தால் அந்த ஃபோல்டரில் இருக்கிற பக்கம் வரும். அப்பாச்சியில் யூசர்டிர் என்ற மாட்யூல் செய்கிற வேலை இது. பழைய வசதிதான், ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அப்படி ஒரு மாணவி பிஹெச்பியில் ஒரு பக்கம் செய்திருந்தார். அவங்க அம்மா கடல்பாசி வளர்க்கிற மகளிர் குழுவில் இருக்காங்க. கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. பச்சையாக எடுப்பதைக் காயவைத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேறும். யார் மிதவையில் எவ்வளவு பச்சை, எவ்வளவு காய்ந்தது, யாருக்கு எவ்வளவு பணம் பாக்கி என்று நோட்டில் எழுதி அடிக்கடி சண்டை வரும். அதைத்தான் இந்தப் பக்கம் கணக்குப் போட்டது. குழுவில் எல்லாரும் போனிலேயே பார்ப்பாங்க. வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி நான்தான் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் கல்லூரிக்கும் லீவு. அந்த நேரத்தில் சர்வரை உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு ஏற்றினேன். முகப்புப் பக்கம் திறந்தது, சரி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஜூனில் கல்லூரி திறந்ததும் மூன்று புகார் வந்தது.

முதல் புகார், புதிதாகச் சேர்ந்தவங்களிடமிருந்து. "சார், எங்க பக்கம் மட்டும் 403 ஃபர்பிடன்னு வருது. சீனியர்ஸ் பக்கம் எல்லாம் வருது." பிள்ளைகள் ஏற்கெனவே பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்கு 777 கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அப்பவும் 403.

இங்கே பிரவுசரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அப்பாச்சியின் எரர் லாகைத் திறந்தேன். பாதையின் ஏதோ ஒரு பகுதியில் தேடும் அனுமதி இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஃபைலில் அனுமதி இல்லை என்று சொல்லவில்லை, பாதையின் ஒரு பகுதியில் என்கிறது. அதுதான் விஷயம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ரயிலில் ராமேஸ்வரம் போக முடியாது. ராமேஸ்வரம் ஸ்டேஷன் கேட்டை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் ரயில் வராது இல்லையா? அப்பாச்சிக்கும் அதே கதைதான். ஸ்லாஷ், ஹோம், யூசர் டைரக்டரி, பப்ளிக் ஹெச்டிஎம்எல் என்று வழியில் இருக்கிற ஒவ்வொன்றையும் அது கடந்தாக வேண்டும். நேம்ஐ என்ற கட்டளைக்கு மைனஸ் எல் போட்டு முழுப் பாதையைக் கொடுத்தால், ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். பார்த்தால் சீனியர்களின் ஹோம் டைரக்டரி 755, ஜூனியர்களுடையது 750. உபுண்டு 21.04-லிருந்து புதுக் கணக்குகளின் ஹோம் டைரக்டரியை 750 என்றுதான் உருவாக்குகிறது. பழைய கணக்குகளை அது தொடவில்லை.

ஜூனியர்களுடையதையும் 755 ஆக்கிடலாம்னுதான் கை போச்சு. ஒரு நிமிஷம் யோசித்தேன். இதை ஏன் பூட்டினாங்க? ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் இருக்கும்போது ஒருத்தர் ஹோமை இன்னொருத்தர் புரட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. அப்படிப் பார்த்தால் சரியாக இருந்தது ஜூனியர்களுடையது. தப்பாக இருந்தது சீனியர்களுடையது. அதனால் எல்லாருக்கும் 711 வைத்தேன். டைரக்டரியில் எக்ஸ் அனுமதி மட்டும் இருந்தால், பாதை தெரிந்தவர் கடந்து போகலாம், உள்ளே என்னென்ன இருக்கு என்று பட்டியல் எடுக்க முடியாது. அப்பாச்சிக்கு அது போதும்.

இரண்டாவது புகார், கடல்பாசிப் பக்கம் செய்த மாணவியிடமிருந்து. "சார், அம்மா போன்ல பக்கம் திறக்கல. ஏதோ ஃபைல் டவுன்லோட் ஆகுதுன்னு சொல்றாங்க." அடுத்த நாள் அந்த போனைக் கொண்டுவந்தார். டவுன்லோட் ஆன ஃபைலைத் திறந்து பார்த்தோம். அது அவர் எழுதிய பிஹெச்பி நிரலேதான், அப்படியே இருந்தது. நாலாவது வரியில் டேட்டாபேஸ் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு. அவர் மெதுவாகச் சொன்னார், "சார், என் மெயிலுக்கும் இதே பாஸ்வேர்டுதான்."

வயித்தைக் கலக்கிடுச்சு. அந்த டேட்டாபேஸில் குழுவில் இருக்கிற அத்தனை பேரின் பெயர், போன் நம்பர், பணக் கணக்கு எல்லாம் இருக்கு. முதலில் பிழையைத் தேடவில்லை. அப்பாச்சியையே நிறுத்தினேன். பாஸ்வேர்டுகளை மாற்றினோம், மெயிலையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேட உட்கார்ந்தேன்.

காரணம் இதுதான். டெபியன், உபுண்டுவில் அப்பாச்சிக்கான பிஹெச்பி மாட்யூலோடு ஒரு கான்ஃபிக் ஃபைல் வரும். அதன் கடைசியில், பயனர் டைரக்டரிகளில் பிஹெச்பி இன்ஜினை ஆஃப் செய்கிற சில வரிகள் இருக்கும். வேண்டுமென்றால் இந்த வரிகளைக் கமெண்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று அங்கேயே குறிப்பும் இருக்கும். இரண்டு வருஷம் முன்னாடி நான் அதைத்தான் செய்தேன். 20.04-ல் இருந்தது பிஹெச்பி 7.4, அதற்கான ஃபைலில் கமெண்ட் பண்ணியிருந்தேன். 22.04-ல் வந்தது 8.1. அதற்கு வேறு ஃபைல், அதில் அந்த வரிகள் மறுபடியும் உயிரோடு இருந்தன. இன்ஜின் ஆஃப் ஆனதும் அப்பாச்சி ஸ்கிரிப்டை ஓட்டாமல் ஃபைலாகவே தூக்கிக் கொடுத்துவிட்டது. எரர் லாகில் ஒரு வரிகூட இல்லை. அப்பாச்சியைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை, 200 என்று ஆக்சஸ் லாகில் சமத்தாக எழுதியிருந்தது. ஒன்பது நாளாக.

மறுபடி கமெண்ட் பண்ணினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் காலையில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேட்டேன். இதை ஏன் பூட்டி வைத்திருக்காங்க? ஹூஆம்ஐ கட்டளையை ஓட்டுகிற ஒரு வரி பிஹெச்பி ஃபைலை என் டெஸ்ட் கணக்கில் வைத்து, அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் நீக்கி, லேபுக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். என் யூசர் பெயர் வரவில்லை. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்று வந்தது. யாருடைய ஸ்கிரிப்டாக இருந்தாலும் அந்த ஒரே பெயரில்தான் ஓடுகிறது. அப்படியென்றால் என் ஸ்கிரிப்ட் அந்த மாணவியின் ஃபைலைப் படிக்க முடியுமா? முயற்சி செய்தேன். பாஸ்வேர்டோடு முழுசாக வந்து நின்றது.

அதாவது அப்கிரேடுக்கு முன்னாடி, எல்லாம் நன்றாக ஓடுது என்று நான் நினைத்த அந்த இரண்டு வருஷமும், எந்த மாணவரும் எந்த மாணவரின் பாஸ்வேர்டையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி எடுத்திருக்கலாம். யாரும் எடுத்த மாதிரி தடயம் கிடைக்கவில்லை. ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லைங்க.

சரி, என்ன செய்தோம்? அப்பாச்சிக்குள் ஓடுகிற பிஹெச்பி மாட்யூலை எடுத்துவிட்டு, பிஹெச்பி-எஃப்பிஎம்முக்கு மாறினோம். அதில் ஒவ்வொரு பயனருக்கும் தனி பூல் எழுதலாம். அந்த பூலில் வருகிற ஸ்கிரிப்ட் அந்தப் பயனர் பெயரிலேயே ஓடும். இத்தனை பூல் வைத்தால் பழைய டெஸ்க்டாப் தாங்குமா என்று பயமாக இருந்தது. ஆன்டிமாண்ட் என்று அமைத்தால் யாராவது பக்கத்தைக் கேட்கும்போது மட்டும் ப்ராசஸ் எழும்பும், வேலை முடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும். தாங்குது.

இன்னொரு லாபமும் உண்டு. இப்போ பிஹெச்பி ஃபைலை அதன் சொந்தக்காரர் மட்டும் படித்தால் போதும். எல்லா பிஹெச்பி ஃபைலுக்கும் 600 வைத்துவிட்டோம். நாளைக்கு ஏதோ ஒரு அப்கிரேடில் பிஹெச்பி மறுபடி அணைந்துபோனாலும், அப்பாச்சியால் அந்த ஃபைலைப் படிக்கவே முடியாது. 403 வரும், நிரல் வெளியே போகாது. படங்களுக்கும் ஹெச்டிஎம்எல்லுக்கும் மட்டும் 644. பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலைப் பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம்.

மூன்றாவது புகார் பைத்தான் சிஜிஐ ஸ்கிரிப்ட் வைத்திருந்த ஒரு பையனிடமிருந்து. 500 இன்டர்னல் சர்வர் எரர். எரர் லாகில், ஹெடர் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது என்று மட்டும் இருந்தது. எங்க சர்வரில் சிஜிஐ ஸ்கிரிப்டை அந்தந்தப் பயனர் பெயரில் ஓட்டுவதற்கு சூஎக்செக் இருக்கிறது. அதற்குத் தனி லாக் உண்டு, நிறையப் பேர் அதைத் திறப்பதே இல்லை. அதில் டைரக்டரியை மற்றவர்களும் மாற்றி எழுத முடியும் என்று இருந்தது. பையன் இங்கேயும் 777 கொடுத்திருந்தார். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஸ்கிரிப்டை உன் பெயரில் ஓட்டமாட்டேன் என்கிறது சூஎக்செக். நியாயம்தானே? டைரக்டரி, ஃபைல் இரண்டையும் 755 ஆக்கினோம். நம்மில் பலர் அனுமதியைக் கூட்டினால்தான் ஓடும் என்று நினைக்கிறோம். இங்கே குறைத்த பிறகுதான் அடுத்த படிக்கே போனது.

ஆனாலும் 500. இப்போ லாகில், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று. ஃபைலோ கண்ணெதிரே இருக்கு! விண்டோஸ் நோட்பேடில் எழுதியதால் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் தேடியது ஸ்கிரிப்டை இல்லை, அந்த எழுத்தும் சேர்ந்த பெயரில் ஒரு பைத்தானை. டாஸ்டூயுனிக்ஸ் கட்டளை ஒன்று போட்டதும் ஓடிவிட்டது.

இப்போ லேபில் சர்வருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குது. எந்த கான்ஃபிக் வரியை யார் மாற்றினாலும் தேதி, எந்த ஃபைல், முன்னாடி என்ன இருந்தது, அது ஏன் அப்படி இருந்தது என்று நாலும் எழுத வேண்டும். நாலாவதுக்குப் பதில் தெரியாவிட்டால் மாற்றக்கூடாது. அப்கிரேடு முடிந்ததும் முகப்புப் பக்கத்தோடு நிறுத்தாமல், ஒரு சீனியர், ஒரு ஜூனியர், ஒரு பிஹெச்பி, ஒரு பைத்தான் என்று நாலு பக்கத்தையாவது வெளியே ஒரு போனிலிருந்து திறந்து பார்க்கிறோம்.

மகளிர் குழுவிடம் நடந்ததைச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. அந்த மாணவியோடு நேரில் போய்ச் சொன்னேன். ஒரு அக்கா கேட்டாங்க, "அப்ப எங்க கணக்கை யாராச்சும் மாத்திருப்பாங்களா தம்பி?" பேக்கப்போடும் அவங்க கைநோட்டோடும் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு கிலோகூட மாறவில்லை. அதற்குப் பிறகும் அவங்க நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன்.

உங்க சர்வரில் டில்டே முகவரி இருந்தால், இன்னைக்கே ஒரு தடவை போனிலிருந்து திறந்து பாருங்க. அடுத்த எபிசோடில் அந்த பேக்கப்பை எப்படி எடுக்கிறோம் என்று பேசலாம்.