முடிச்சுப் போட்ட கை



பட்டதாரிகளே, மேடையிலிருந்து பார்த்தால் உங்கள் எல்லோர்மீதும் ஒரே கறுப்பு அங்கி. உள்ளே அம்மா எடுத்துக் கொடுத்த சேலைகள் இருக்கும். அவற்றில் ஒன்றாவது சுங்குடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இது மதுரை அல்லவா!

வீட்டுக்குப் போனதும் அந்தச் சுங்குடிச் சேலையைத் திருப்பிப் பாருங்கள். துணியைக் கிள்ளி, நூலை இறுகச் சுற்றி முடிந்து, சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் துணியை இழுத்தால் முடிச்சுகள் அவிழும். சாயம் புகாத இடம் புள்ளியாக நிற்கும். ஒன்று சற்றுப் பெரிது, பக்கத்தில் இருப்பது சற்றுச் சாய்வு. இரண்டு பக்கமும் தெரியும். புதுச் சேலையைத் தடவினால் விரலில் மேடு தட்டும். அச்சுப் புள்ளியில் அது வராது. சௌராஷ்டிரக் குடும்பங்களின் பெண்கள் அடுப்பு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போட்ட முடிச்சுகள் அவை. அதை யாரும் வேலை என்று எண்ணவில்லை. கூலியும் அப்படித்தான் இருந்தது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

தறியிலும் இதே கதை. நாடா எறிகிறவரை மட்டும் நெசவாளர் என்கிறோம். பாவுக்குக் கஞ்சி போட்டவர், அறுந்த இழையைப் பிணைத்தவர், தார் சுற்றிய பாட்டி?

‘கைத்தறியா, விலை கூட’ என்கிறோம். பழைய பேச்சுதான். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் ரயிலில் காந்தி கதர் உடுத்தச் சொன்னபோது, உடன் பயணம் செய்தவர்கள், கதர் வாங்க வசதியில்லை, விலை அதிகம் என்றார்கள். அந்தப் பதிலில் உண்மை இருப்பதை அவர் உணர்ந்தார். 22-ஆம் தேதி மேல மாசி வீதி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது இடுப்பில் முழங்கால்வரை ஒரு துண்டு மட்டும். ஊரைத் திருத்துமுன் தன் துணியைக் குறைத்துக்கொண்டார். 1948-இல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி நம் தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

விலை கூட என்கிறவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குப் பிள்ளை படிப்பு இருக்கிறது. ஆனால், நாளை சம்பளம் வாங்கப்போகும் உங்களிடம் ஒன்று கேட்கலாம். இங்கே விளாங்குடியில் திண்டுக்கல் பஸ் ஏறினால், வழியிலேயே சுங்குடி செய்யும் சின்னாளபட்டி. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எடுக்கும் சேலையைச் செய்தவர் வீட்டிலேயே போய் எடுங்கள். பேரம் பேசாதீர்கள். எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். முடிச்சுப் போட்டவரின் பெயரையும் கேட்டு வாருங்கள். அம்மா அதைக் கட்டும்போது சொல்லவேண்டுமே.