கிராம சபைக்குப் பிள்ளைகளும் வரட்டும்



ஆறாம் வகுப்புப் பாடத்தில் கிராம சபை பற்றி இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகளைப் பிள்ளைங்க கடகடன்னு ஒப்பிக்கிறாங்க. ஆனா ஆகஸ்ட் 15 அன்னைக்குக் கொடியேத்தினதும் மிட்டாய் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடுறாங்க. கொஞ்ச நேரத்தில் அதே ஊரில் கிராம சபை நடக்குது.

18 வயசு ஆகலைன்னாலும் ஓரமா உட்கார்ந்து கேட்கலாமே! வரவு செலவு வாசிக்கிறதை, தண்ணிக்கும் தெருவிளக்குக்கும் யார் எழுந்து கேள்வி கேட்கிறாங்கன்னு பார்க்கட்டும். தீர்மானத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புறவங்களையும் பார்ப்பாங்க, அதுவும் நல்லதுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம குழுப் பெண்களும் இருக்காங்க. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமா எழுத வைக்கணும்னு கேட்டுக்கொள்கிறேன்.